பிளேட்டுக்கு அடியில் சேரும் மண்டி

கேள்வி: ஐயா, நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். கல் அறுத்துப் பார்க்கும் ஆசையில் பழைய பத்து அங்குல மெசின் ஒன்றை வாங்கி, வீட்டுக் குசினியோடு ஒட்டி இறக்கிய தகரச் சாய்ப்பில் வைத்திருக்கிறேன். பிளேட் சூடேறாமல் இருக்க ஒயில் ஊற்றும் தொட்டியில் ஆறு லீட்டர் பிடிக்கும். முதலில் கராஜ் வைத்திருக்கும் நண்பன் கொடுத்த கழிவு என்ஜின் ஒயிலை ஊற்றினேன். நாற்றம் தாங்கவில்லை, டீசல் கலந்தேன். புகை கூடிவிட்டது. தேங்காயெண்ணெய் நல்லது என்று ஒருவர் சொன்னார். ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் உறைந்து பிளேட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது மறுபடியும் டீசல் கலவைதான். முப்பது அறுப்பு ஆனதும் சாம்பல் நிறக் கூழாகிவிடுகிறது. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கீழே ஓடும் கானில் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன். வெள்ளைப் படிகக்கல்லில் கறுப்புக் கோடுகள் விழுகின்றன. மூன்று வயது மகளுக்கு இருமல் விட்டபாடில்லை. இந்த மெசினால்தானோ என்று மனைவி பயப்படுகிறார். எந்த ஒயில் பாவிப்பது, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? மாத்தளையிலிருந்து கொண்டுவந்த சலவைக்கல் துண்டு ஒன்றும் இருக்கிறது. அதையும் இதிலேயே அறுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது.

முதலாவது, பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். காட்டும்போது, வீட்டோடு ஒட்டிய சாய்ப்பில் டீசலும் கழிவு ஒயிலும் ஊற்றிக் கல் அறுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இருமலுக்கு எத்தனையோ காரணம் இருக்கும், நம் பக்கத்துக் குளிருக்கும் பனிக்கும் பிள்ளைகளுக்கு இருமல் வருவதும் உண்டு. இதனால்தான் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ஒயில் புகை சுவாசக் குழாயை எரிச்சல்படுத்தும் என்பது நிச்சயம். வைத்தியருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அது. உங்கள் மனைவியின் பயம் நியாயமானது.

இரண்டாவது, அந்த டீசல் கலவையை வைத்து இனி ஓர் அறுப்பும் வேண்டாம். குசினியில் விறகடுப்பா காஸ் அடுப்பா என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அது நெருப்புத்தான். டீசல் 60 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அது இன்னும் குறைவு, 38 பாகைக்கு மேலேயே ஆபத்துத் தொடங்கிவிடும். தலவாக்கலைக் குளிரில் எங்கே 60 பாகை வரப்போகிறது என்று நினைக்காதீர்கள். பிளேட் கல்லில் உரசும் இடத்தில் சூடு எக்கச்சக்கம். அதைவிட முக்கியமானது, சுழலும் பிளேட் ஒயிலைக் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக அடித்துக் காற்றில் விடுகிறது. வாளியில் இருக்கும் ஒயிலில் தீக்குச்சி போட்டால் அணைந்துபோகலாம். அதே ஒயில் துளித் துளியாகக் காற்றில் மிதக்கும்போது அந்தக் கணக்கு எல்லாம் செல்லாது, சூடேறாமலேயே பற்றும். சாய்ப்பில் ஒயில் புகை, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு. இந்த இரண்டையும் பிரித்தாக வேண்டும். மெசினை வீட்டிலிருந்து தள்ளி, நாலு பக்கமும் காற்று வரும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டுபோங்கள். கூரை மட்டும் இருந்தால் போதும்.

கழிவு என்ஜின் ஒயிலை ஊற்றியதற்காக உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் ஊற்றினேன். காசு கொடுக்காமல் கிடைத்தது. ஆறேழு மாதத்தில் இரண்டு முன்கையிலும் சின்னச் சின்னக் கொப்புளங்கள், ஒவ்வொன்றும் மயிர்க்காலில் முளைத்த பருப்போல. உடுப்பு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த தொடையிலும் வந்தது. அப்போது எனக்கு வேலை சொல்லித்தந்த பெரியவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே தொட்டியைக் காலிசெய்யச் சொன்னார். என்ஜினுக்குள் எரிந்து வந்த ஒயிலில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். சரியாகச் சுத்திகரிக்காத ஒயிலும் அப்படித்தான். இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளில் நூற்பு மெசின்களுக்குப் போட்ட ஒயில் வருடக்கணக்கில் உடுப்பில் ஊறி, தொழிலாளர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது மருத்துவ வரலாற்றில் பதிவான விஷயம். அதனால் 'தோலில் பட்டால் என்ன, கழுவிவிட்டால் போச்சு' என்று இருந்துவிட வேண்டாம்.

படிகக்கல்லில் விழுந்த கறுப்புக் கோடுகளும் அந்த ஒயிலின் வேலைதான். நம் மலைப் படிகக்கல் வெளியே திடமாகத் தெரியும், உள்ளே மயிரிழை வெடிப்புகள் நிறைய இருக்கும். கரி கலந்த ஒயில் அதற்குள் ஊறிப் போய்விடுகிறது. அந்தத் துண்டுகளை வெந்நீரில் சலவைத்தூள் கரைத்து இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள், தண்ணீரை மாற்றி மாற்றி வையுங்கள். கொஞ்சம் வெளுக்கும். ஆழமாகப் போனது வராது. அதை மனதில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், பெட்ரோலில் ஊறவைக்கும் யோசனைக்கு மட்டும் போகாதீர்கள்.

சரி, எந்த ஒயில்?

நன்றாகச் சுத்திகரித்த, நிறமும் வாசமும் இல்லாத, தண்ணியான மினரல் ஒயில். கடையில் வைட் ஒயில் என்று கேட்டால் தெரியும். லிக்விட் பரஃபின் என்று பாமசியில் விற்பதும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் தடித்தது மெல்லியது என்று இரண்டு உண்டு. உங்களுக்கு வேண்டியது மெல்லியது. சின்னப் போத்தலில் வாங்கினால் கட்டுப்படியாகாது. கொழும்பில் இரசாயனப் பொருள் மொத்தமாக விற்கும் கடைகளில் கேனாக விசாரியுங்கள். தையல் மெசினுக்குப் போடும் வெள்ளை ஒயிலை விரலில் எடுத்து உருட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அந்தத் தடிப்புத்தான் சரி. நீங்கள் ஃபிட்டர் என்பதால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன்: ஐஎஸ்ஓ விஜி என்ற தடிப்பு எண்ணில் 10 முதல் 22 வரை. தொழிற்சாலையில் ஹைட்ரோலிக் வேலைக்கு வைத்திருக்கும் 46, 68 நம்முடைய குளிரில் பாகு மாதிரி நிற்கும், பிளேட்டோடு சேர்ந்து மேலே ஏறாது. அதில் வேறு மருந்துகளும் கலந்திருப்பார்கள். இந்த வெள்ளை ஒயில் பற்றுவதற்கு 150 பாகைக்கு மேல் சூடு வேண்டும். டீசலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ பத்திரம், என்றாலும் புகையாக மிதக்கும்போது இதையும் நெருப்புக்குப் பக்கத்தில் விடக்கூடாது.

யாராவது ட்ரான்ஸ்போமர் ஒயில் தருகிறேன் என்று வருவார்கள். பழைய ட்ரான்ஸ்போமரிலிருந்து இறக்கியது என்றால் தொடவே தொடாதீர்கள். அந்தக் காலத்து ட்ரான்ஸ்போமர் ஒயில்களில் பிசிபி என்ற நஞ்சு இருக்கக்கூடும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க வழியில்லை.

தேங்காயெண்ணெய் விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர் கீழ்நாட்டுக்காரராக இருந்திருப்பார். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே வந்தால் கட்டிப்படும். நீர்கொழும்பில் அது அநேகமாக எப்போதும் எண்ணெய்தான், தலவாக்கலையில் அநேக நேரம் மெழுகு. உறையாத வேறு சமையல் எண்ணெய்களுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும், ஊசிப்போய் நாறும். பிசினான எண்ணெய் கல் தூளோடு சேர்ந்தால் தொட்டியைச் சுரண்ட உளி வேண்டும். அந்த எண்ணெயில் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றவும் கூடும்.

இனி நீங்கள் கேட்ட 'எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது' என்ற கேள்விக்கு வருவோம். நல்ல வெள்ளை ஒயிலைக் கொட்டி மாற்ற வேண்டிய தேவையே அநேகமாக வராது. என்னிடம் ஒரு தொட்டி ஒயில் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைந்த அளவை மட்டும் அவ்வப்போது ஊற்றி நிரப்புவேன். கெட்டுப்போவது ஒயில் இல்லை தம்பி, அதற்குள் சேரும் கல் தூள்தான். நீங்கள் கானில் ஊற்றிய அந்தக் கூழிலே பாதிக்கு மேல் திரும்பப் பாவிக்கக்கூடிய ஒயில் இருந்திருக்கும்.

எவ்வளவு தூள் சேரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பிளேட் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் கல்லைத் தின்கிறது என்று வையுங்கள். பத்துச் சென்டிமீட்டர் நீளம், ஏழு சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு படிகக்கல்லை ஒருமுறை அறுத்தால் பத்தரை கன சென்டிமீட்டர் கல் தூளாகிறது. படிகக்கல்லின் அடர்த்தி 2.65. ஆக, ஒரே அறுப்பில் 28 கிராம். முப்பது அறுப்பில் 840 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிலோ மா, ஆறு லீட்டர் ஒயிலில்! அந்த மா மண்டியாகப் படியும்போது தன் அளவுக்கு மேலேயே ஒயிலையும் இழுத்து வைத்துக்கொள்ளும். முப்பது அறுப்பில் கூழானது என்று நீங்கள் எழுதியது இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

இதில் ஆளை ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. ஒயில் மட்டத்தைப் பார்த்து 'போதுமான அளவு இருக்கிறதே' என்று நினைப்போம். பிளேட்டின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஒயிலில் நனைந்தால் போதும். அதற்கு மேல் முங்கினால் சும்மா அடித்துப் புகையாக்கும், குறைந்தால் காய்ந்து எரியும். ஆனால் அடியில் மண்டி ஏற ஏற அது ஒயிலை மேலே தள்ளிக்கொண்டே வரும். மட்டம் அப்படியே இருப்பதாகத் தெரியும், பிளேட் ஓடுவது சேற்றில். ஒயில் உறிஞ்ச வேண்டிய சூட்டை அந்தச் சேறு உறிஞ்சாது. பிளேட் சூடேறி வளையும், அறுப்பு கோணும், புகை கூடும். ஒயில் சரியில்லை என்று நீங்கள் அடிக்கடி மாற்றிப் பார்த்ததில் ஒரு பங்கு இந்த மண்டியால் வந்ததாக இருக்கலாம்.

ஆகவே மேலே பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் மூலையில் இறக்கித் தட்டிப் பாருங்கள். பிளேட்டுக்கு நேர் கீழே பார்த்தால் சரிவராது. அந்த இடத்தை ஓட்டமே அரித்துச் சுத்தமாக வைத்திருக்கும், மண்டி மூலைகளில்தான் கட்டும். குச்சி 'டக்' என்று தகரத்தைத் தொட்டால் நல்லது. மெத்தென்று பதிந்து நின்றால், எவ்வளவு உயரம் வரை சேறு ஒட்டி வருகிறது என்று பாருங்கள். பிளேட்டின் விளிம்புக்கும் மண்டிக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இல்லையென்றால் அன்றைக்கு அறுப்பை நிறுத்திவிடலாம்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் விடாமல் செய்வது. அறுத்து முடிந்ததும் குச்சியை ஒயிலில் தோய்த்து ஒரு சொட்டைப் பத்திரிகைக் கடதாசியில் விழவிடுங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். சொட்டு வட்டமாகப் பரவும். நடுவில் ஒரு சின்னச் சாம்பல் பொட்டு, அதைச் சுற்றி எழுத்துகள் கண்ணாடி போலத் தெரியும் அகலமான ஒயில் வளையம். அப்படி இருந்தால் இன்னும் ஓட்டலாம். சாம்பல் பொட்டு பெரிதாகி, வளையம் மோதிரக் கம்பி போல மெலிந்துவிட்டால், கடதாசிக்குள் ஊறுவதற்கு ஒயில் இல்லை, தூளே மிச்சம் என்று அர்த்தம். நான் அந்தக் கடதாசித் துண்டுகளில் தேதி எழுதி ஆணியில் குத்தி வைப்பேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் உங்கள் மெசின் எத்தனை அறுப்புத் தாங்கும் என்று உங்களுக்கே பிடிபட்டுவிடும். அது ஆளுக்கு ஆள், கல்லுக்குக் கல் மாறும். நான் ஓர் எண்ணைச் சொல்லி உங்களைக் கட்டிப்போட விரும்பவில்லை.

மண்டியை எடுக்கும் விதம் இதுதான். மாலையில் மெசினை நிறுத்திய கையோடு கிளறாதீர்கள். இரவு முழுக்க, முடிந்தால் இரண்டு இரவு, அப்படியே விடுங்கள். குளிரில் ஒயில் தடிப்பதால் நம் பக்கத்தில் தூள் மெதுவாகத்தான் இறங்கும். கண்டியில் ஓர் இரவில் தெளிவது உங்களிடம் இரண்டு நாள் எடுக்கலாம். தெளிந்த பிறகு மேலே நிற்கும் ஒயிலை அகப்பையால் கலக்காமல் மொண்டு, மூடியுள்ள கேன் ஒன்றில் ஊற்றுங்கள். குழாய் போட்டு வாயால் உறிஞ்சி இறக்க வேண்டாம். மினரல் ஒயில் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் தங்கி ஒருவகை நியூமோனியாவை உண்டாக்கும்.

அடியில் மிஞ்சிய சேற்றைப் பிளாஸ்டிக் வாரியால் வழித்து ஒரு கடதாசிப் பைக்குள் போட வேண்டும். உங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. தேயிலை பொதி செய்யும் கடதாசிச் சாக்கு உங்கள் தொழிற்சாலையில் கிழிந்தது பழுதானது என்று கிடக்கும். கேட்டு வாங்குங்கள். பல மடிப்புக் கடதாசி, நல்ல பலம். ஆனால் உள்மடிப்பில் ஈரம் புகாமல் இருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள், அதை உரித்து எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. வெளி மடிப்பில் இரண்டை மட்டும் பையாகச் சுருட்டி மடியுங்கள். ஒரு வாளியின் வாயில் கம்பி வலை வைத்து, வலை மேல் பையை நிறுத்தி, சேற்றை ஊற்றி, மழைச்சாரலும் தூசியும் படாமல் மூடி வையுங்கள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பிறகு கடதாசியின் வெளிப்பக்கம் கறுத்து, வியர்த்து, ஒரு பாசிமணி அளவு துளி அடியில் தொங்கும். விழாது போல நின்று பிறகு விழும். காலையில் வாளிக்குள் எட்டிப் பார்த்தால், வாங்கிய அன்று இருந்த வெள்ளை இல்லாவிட்டாலும், இளந்தேநீர் நிறத்தில் தெளிந்த ஒயில் நிற்கும். அதை முதன்முதலாகப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் நல்ல கல்லொன்றை வெட்டித் திறந்த சந்தோஷத்துக்குக் கொஞ்சமும் குறையாது. ஒரு பை வடிய நாலைந்து நாள் ஆகும். அவசரமென்றால் பகல் வெயிலில் வையுங்கள், சூட்டில் ஒயில் இளகிச் சீக்கிரம் இறங்கும். அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம். பையைப் பிழியவும் வேண்டாம், பிழிந்தால் நுண்தூள் கடதாசியைத் தாண்டி வந்துவிடும்.

வடிந்து முடிந்ததும் பைக்குள் மிஞ்சுவது புட்டிங் பதத்தில் ஒரு சாம்பல் கட்டி. அதை என்ன செய்வது?

இப்போது கானுக்கு வருகிறேன். தம்பி, நீங்கள் ஊற்றியது அந்தக் கானோடு நிற்காது. கீழ் லயத்துக்காரர் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுவது அதிலிருந்தாக இருக்கும், அதற்கும் கீழே யாரோ பீலி வைத்திருப்பார்கள். தலவாக்கலைப் பக்கத்துக் கான்கள் எல்லாம் கடைசியில் கொத்மலை ஓயாவில்தான் சேரும், ஊர் நடுவே தேங்கி நிற்கும் மேல்கொத்மலை நீர்த்தேக்கம் அந்தத் தண்ணீர்தான். அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கம், பிறகு மகாவலி. நாம் உச்சியில் இருப்பவர்கள். நம் வாசலில் விழுவது எல்லோருடைய வாசலையும் தாண்டிப் போகிறது. இலங்கையின் 2008 ஆம் ஆண்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதிகளில் கழிவு ஒயில் தனியாகப் பட்டியலிட்ட அபாயக் கழிவுகளில் ஒன்று. இதுவரை ஊற்றியதை அள்ள முடியாது, கான் ஓரத்தில் ஒயில் ஊறிக் கறுத்த மண் தெரிந்தால் அடுத்த மழைக்கு முன் அதையாவது மண்வெட்டியால் வெட்டி எடுத்துத் தகரப் பேணியில் போடுங்கள்.

சாம்பல் கட்டியையும் அதே மாதிரி மூடியுள்ள தகரப் பேணியில் சேர்த்து வையுங்கள். பேணியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள், பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று பேணிதான் நிறையும். வாகன சர்விஸ் நிலையங்கள் தங்கள் கழிவு ஒயிலைச் சேகரிப்பவர்களிடம் கொடுப்பதுண்டு. உங்கள் ஊர் நிலையத்தில் பேசி, இதையும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். பிரதேச சபையின் கழிவுப் பிரிவிலும் விசாரியுங்கள். ஒருவரும் எடுக்காவிட்டால் எடுப்பவர் கிடைக்கும் வரை பேணியில் இருக்கட்டும், அது கெட்டுப்போகும் பொருள் இல்லை.

அந்தக் கட்டியைக் காயவைத்துத் தூளாக்கி எங்கேயும் கொட்டிவிடாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. ஒயிலில் ஊறியிருக்கும் வரை அந்தத் தூள் எழும்பாது. காய்ந்தால் அது தனிச் சிலிக்கா. படிகக்கல்லின் மா மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தழும்பு விழும், சிலிக்கோசிஸ் என்பார்கள், விழுந்த தழும்பு ஆறாது. கருங்கல் உடைக்கும் இடங்களில் வேலை செய்தவர்களில் இந்த நோயோடு இருப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நாலு படி ஏறிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மெசினைச் சுற்றித் தெறித்துக் காய்ந்த சாம்பல் பொடியை விளக்குமாற்றால் கூட்டுவதும் தப்பு. ஈரத் துணியால் துடையுங்கள்.

மூச்சு பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மெசினின் மூடியைப் போடாமல் ஓட்டாதீர்கள். உங்கள் பழைய மெசினுக்கு மூடி இல்லையென்றால் நீங்களே தகரத்தில் அடிக்கலாம், உங்களுக்கு அது அரை நாள் வேலை. அறுத்து முடிந்த உடனே மூடியைத் தூக்கி எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், கல்லுக்குள் என்ன இருக்கிறதோ என்று மனது அடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே மிதக்கும் புகை அப்போதுதான் படியும். கொரோனாக் காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் வீட்டில் இருக்கலாம். அதில் 'என்' என்ற எழுத்துக்கே ஒயிலைத் தாங்காது என்றுதான் பொருள், ஒயில் புகையில் அதன் வடிக்கும் சக்தி குறையும். 'பி' என்று தொடங்கும் பி95 அல்லது பி100 வாங்குங்கள். அது போட்டிருந்தாலும் காற்றோட்டம் இல்லாத இடத்தில் அறுக்க முடியாது. குளிர்கிறதென்று நாலு பக்கமும் படங்கு கட்டி அடைத்துவிடாதீர்கள். மகள் அந்தப் பக்கம் வரவே கூடாது, நீங்களும் அறுத்த உடுப்போடு போய் அவளைத் தூக்கக் கூடாது. அந்த உடுப்புக்குத் தனி ஆணி, தனிச் சலவை.

வெட்டி எடுத்த ஸ்லாப்பை உடனே கழுவாமல், தொட்டிக்குள்ளேயே ஒரு கம்பித் தட்டில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒட்டியிருக்கும் ஒயிலில் பெரும்பங்கு திரும்பத் தொட்டிக்கே வடிந்துவிடும். ஒயில் குறைவது அநேகமாக இப்படிக் கல்லோடு வெளியே போய்த்தான். பிறகு ஒரு பெட்டியில் மரத்தூள் போட்டு அதற்குள் ஒரு நாள் புதைத்து வையுங்கள், மிச்சத்தை அது குடித்துவிடும். மரத்தூள் கிடைக்காவிட்டால் உமி. ஊறிய மரத்தூளைச் சமையல் அடுப்பில் போடாதீர்கள், அதுவும் பேணிக்குத்தான். கடைசியாக வெந்நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும். இப்படி வரிசையாகச் செய்தால் கழுவிய தண்ணீரில் ஒயில் மினுக்கம் அநேகமாகத் தெரியாது.

பிளேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒயில் நல்லதாக இருந்தும் அறுப்பு நகராமல் புகைந்தால், பிளேட்டின் விளிம்பில் பதித்த வைரத்தை மூடி உலோகம் மினுங்கிப்போயிருக்கும். படிகக்கல் மட்டுமே அறுப்பவர்களுக்கு இது வரும். பழைய சாணைக்கல் துண்டு ஒன்றை இரண்டு மூன்று தடவை அறுத்துவிட்டால் வைரம் மறுபடி முகம் காட்டும். அப்போது சேரும் மண்டியை மறக்காமல் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், சாணைக்கல் தூள் பருமனானது.

உங்கள் சலவைக்கல்லை இந்த ஒயிலில் அறுக்க வேண்டாம். மாத்தளைச் சலவைக்கல் மணி மணியாகக் கோத்த கல், மணிகளுக்கு நடுவே ஒயில் ஏறிவிடும். வெள்ளைக் கல் பழுப்பாகித் திட்டுத் திட்டாகப் போகும், கழுவினால் போகாது. இடுக்கும் துளையும் உள்ள எந்தக் கல்லுக்கும் இதே விதிதான். சந்திரகாந்தக்கல் போல உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிளவு ஓடும் கற்களிலும் ஒயில் புகுந்து நிறத்தைக் கெடுக்கும். கார்னட் புள்ளி உள்ள நம் மலைக்கல்லில் அப்பிரகப் பட்டைகள் அதிகமிருந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டை அறுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சலவைக்கல் மிருதுவானது, அதற்கு ஒயில் தேவையும் இல்லை. தண்ணீரே போதும். ஆனால் இந்த மெசினில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் மோட்டரும் வயரும் நனையாத இடத்தில் இருக்கின்றனவா, லைனில் கரண்ட் கசிந்தால் தானாகவே வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், டைல் அறுக்கும் சின்னத் தண்ணீர் மெசின் வைத்திருக்கும் ஒரு மேசன் பாஸிடம் கொடுத்து அறுத்து வாங்குவதே நல்லது. இதிலேயே அறுப்பதானால் தொட்டியை ஒரு பொட்டு ஒயில் இல்லாமல் கழுவித் துடைத்துவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். அறுத்து முடிந்த அதே மணி நேரத்தில் தண்ணீரை இறக்கி, பிளேட்டையும் தண்டையும் துடைத்து, வெள்ளை ஒயில் தோய்த்த துணியால் ஒரு தடவை தடவிவிடுங்கள். நம் பனியில் இரும்பு ஓர் இரவுக்கே துருப்பிடிக்கும். நாளைக் காலையில் பார்க்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.